ஈர விறகும் மூன்று எண்களும்: கண்டித் தேயிலைத் தொழிற்சாலையில் பழுதை முன்கூட்டிக் காணுதல்

தேயிலைத் தொழிற்சாலையில் நேரும் ஒரு பழுதை அன்றைக்கே யாராலும் கண்டுகொள்ள முடியாது. உலர்த்தியின் சூடு அளவு மீறினால் தூளின் மேற்புறம் சட்டென்று காய்ந்து ஓடுபோல இறுகிவிடும். உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். கையில் எடுத்து நெரித்துப் பார்த்தால் மொறமொறவென்று இருக்கும். மணத்திலும் குறை தெரியாது. சலித்துத் தரம் பிரித்துப் பையில் அடைத்து, லொறி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்து, ஏலத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில் அந்த ஈரம் மெல்ல வெளியே கசியும். தேயிலையின் சுவை மங்கும். சில வாரங்கள் கழித்துச் சுவைஞர் கோப்பையில் அதை உணர்ந்து தன் அறிக்கையில் ஒரு சொல் எழுதுவார். அந்தச் சொல் தொழிற்சாலைக்குத் திரும்பி வரும்போது, அன்றிரவு உலர்த்தியின் அருகில் நின்றவர் யார், என்ன விறகு எரித்தார்கள் என்பதெல்லாம் ஞாபகத்திலிருந்து போயிருக்கும்.

இந்தப் பழுதைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். வந்தால் எவ்வளவு கெடுதி? எத்தனை தடவை வரக்கூடும்? வாசலைத் தாண்டுமுன் பிடிபடுமா? ஒரு பொருளின் ஒவ்வொரு பாகத்தையும், ஒரு வேலையின் ஒவ்வொரு படியையும் தனித்தனியே எடுத்துவைத்து, இது என்னென்ன விதமாகத் தவறக்கூடும் என்று முதலில் எழுதுகிறார்கள். எழுதிய ஒவ்வொன்றிடமும் இந்த மூன்றையும் கேட்கிறார்கள். பழுது வகை, விளைவுப் பகுப்பாய்வு என்பது இதுதான். தொழிற்சாலைகளில் அதை எஃப்எம்இஏ என்ற எழுத்துகளால் அழைக்கிறார்கள்; இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை என்று கண்டியைச் சூழ்ந்த மலைகளில் விளைவதில் பெரும்பகுதி மத்திய உயரத் தேயிலை. 2000 அடிக்கும் 4000 அடிக்கும் இடையே வளர்வது. உயர்நிலத் தேயிலையின் மணமும் தாழ்நிலத் தேயிலையின் கறுத்த தோற்றமும் தரும் விலைப் பாதுகாப்பு இதற்குக் குறைவு. தயாரிப்பில் ஒரு இரவு பிசகினால் ஏலத்தில் உடனே தெரியும். ஆகவே இராணுவத் தளவாடங்களுக்காகவும் விண்கலங்களுக்காகவும் பிறந்த ஒரு முறை இந்தத் தொழிற்சாலைகளுக்குப் பொருந்துமா என்பது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. பொருந்தும் என்பது என் முடிவு. ஆனால் இப்போது நடைமுறையில் இருக்கும் வடிவத்தில் அது பெரும்பாலும் கோவைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இரண்டுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வரலாறு. 1949 நவம்பரில் அமெரிக்க இராணுவம் எம்ஐஎல்-பி-1629 என்ற நடைமுறை ஆவணத்தை வெளியிட்டது. ஒரு கருவியின் ஒவ்வொரு உறுப்பும் பழுதானால் பணிக்கும் ஆட்களுக்கும் என்ன நேரும் என்று வரிசைப்படுத்தும் வழி அதில் இருந்தது. 1960களில் நாசா அப்பல்லோ திட்டத்தில் இதைப் பயன்படுத்தியது. 1970களில் பிண்டோ காரின் எரிபொருள் தாங்கி விவகாரத்துக்குப் பிறகு ஃபோர்டு நிறுவனம் இதைக் கார் வடிவமைப்புக்குள் கொண்டுவந்தது. 1990களில் அமெரிக்காவின் பெரிய கார் நிறுவனங்கள் உதிரிப்பாகம் வழங்குவோர் எல்லோரிடமும் இதைக் கேட்கத் தொடங்கின. இவ்வளவும் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது.

பாடநூல்களில் குறைவாகப் பேசப்படும் ஒரு கிளை நேராகத் தேயிலைக்கு வருகிறது. 1959 அளவில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்கும் பொறுப்பு அமெரிக்காவின் பில்ஸ்பரி நிறுவனத்திடம் வந்தது. எடையற்ற கலத்துக்குள் ஒருவருக்கு உணவு நஞ்சேறினால் என்ன செய்வது? தயாரித்து முடித்த பொதிகளைப் பிரித்துச் சோதித்தால், சோதித்தவை சாப்பிட உதவா. சோதிக்காதவற்றைப் பற்றி நிச்சயம் இல்லை. உறுதி வேண்டுமென்றால் கடைசியில் சாப்பிட எதுவும் மிஞ்சாது. ஹோவர்ட் பௌமன் தலைமையிலான குழு, நேட்டிக் இராணுவ ஆய்வுகூடத்தில் பயன்பட்ட 'பழுது வகைகள்' என்ற கருத்தை எடுத்துக்கொண்டது. முடிவுப் பொருளைச் சோதிப்பதை விட்டு, எந்தப் படியில் எது தவறலாம் என்று பார்த்து அந்தப் படியைக் காவல் செய்வது என்று தீர்மானித்தது. அதுதான் ஹசாப் என்று இன்று உணவுத் தொழிலில் எல்லோரும் அறிந்த முறை. 2005இல் வந்த ஐஎஸ்ஓ 22000 தரநிலை அதன்மேல் கட்டப்பட்டது. கண்டிப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலையின் சுவரில் அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கினால், எஃப்எம்இஏயின் பேரப்பிள்ளை ஏற்கெனவே அந்த வீட்டில் குடியிருக்கிறது என்று பொருள். ஹசாப் குடிப்பவரின் உடல்நலத்தைப் பார்க்கிறது. சுவை, நிறம், விலை, யந்திரம், தொழிலாளியின் கை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் அகலம் தாய்முறைக்கே உண்டு.

அந்த அட்டவணை எப்படி இருக்கும்? இடப்பக்கம் வேலையின் படி. அடுத்து அது தவறும் விதம், தவறினால் வரும் விளைவு, தவறுவதற்கான காரணம், இப்போதுள்ள காவல். கடுமை, நிகழும் வாய்ப்பு, பிடிபடாமை ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். மூன்றையும் பெருக்கினால் ஆபத்து முன்னுரிமை எண் கிடைக்கும். ஆகக் கூடியது 1000. வலப்பக்கக் கடைசியில் என்ன செய்யப்போகிறோம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற பத்திகள்.

இந்தப் பெருக்கலில் ஓர் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. 1 முதல் 10 வரையான அந்த மதிப்பெண்கள் தராசில் நிறுத்தவை அல்ல. முன்பின் வரிசையை மட்டுமே சொல்பவை. கடுமை 8 என்பது கடுமை 4இன் இரு மடங்கு அல்ல. பெருக்கிய எண்ணும் தொடர்ச்சியாக நகர்வதில்லை. 1000 சேர்க்கைகளிலிருந்து கிடைப்பவை 120 வெவ்வேறு எண்கள்தான். 11, 13, 17 ஒருபோதும் வராது. 1000க்கு அடுத்தபடி 900, அதன்பின் 810. ஒரு உதாரணம் பார்ப்போம். தேயிலையில் இரும்புத் துண்டு கலப்பது: கடுமை 9, வாய்ப்பு 2, பிடிபடாமை 3. பையின் மேல் எழுத்து மங்கலாகப் பதிவது: கடுமை 3, வாய்ப்பு 6, பிடிபடாமை 3. இரண்டும் 54. ஒரு பிள்ளையின் தொண்டைக்குள் போகக்கூடிய இரும்பும் கிடங்கில் ஒருவர் கண்ணைச் சுருக்கி வாசிக்கவேண்டிய எழுத்தும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

பெருக்கலைவிடப் பெரிய தீங்கு எல்லைக்கோட்டால் வந்தது. 100க்கு மேல் போனால் நடவடிக்கை கட்டாயம் என்று பல வாங்குவோர் விதித்தார்கள். விதித்தவுடன் உலகெங்கும் 96, 98 என்ற எண்கள் பெருகின. கூட்டத்தில் ஒருவர் "பிடிபடாமைக்கு 5 வேண்டாம், 4 போடுவோம்" என்று சொல்வார். ஒரு பழுது காகிதத்தில் சரியாகிவிடும். 2019இல் அமெரிக்க, ஜேர்மன் கார்த் தொழில் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கைநூல் இந்தப் பெருக்கலைக் கைவிட்டது. கடுமையை முதலில் பார். பிறகு வாய்ப்பு, பிறகு பிடிபடாமை. மூன்றையும் சேர்த்து உயர், இடை, தாழ் என மூன்று வகையில் ஒன்றில் வை என்றது. நம் பக்கத்தில் இன்னும் பெருக்கித்தான் பார்க்கிறார்கள். ஒரு தேயிலைத் தொழிற்சாலை புதிதாகத் தொடங்குவதென்றால் பெருக்கலை விட்டுத் தொடங்குவதே நல்லது.

இனி தொழிற்சாலைக்குள் போவோம். முறையின் பலன் எங்கே என்று அங்கேதான் தெரியும்.

பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் நீர். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கொழுந்து வேண்டும். மலையில் கொய்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கித் திணித்தால் அது நசுங்கும். வெயிலில் கிடந்தால் சூடேறும். நசுங்கிய இலையில் நொதித்தல் லொறியிலேயே தொடங்கிவிடுகிறது. தயாரிப்பின் முதல் பழுது கட்டடத்துக்கு வெளியே, கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடக்கிறது என்பதை அட்டவணை தயாரிப்போர் பல தடவை தவறவிடுகிறார்கள். அவர்களுடைய முதல் வரி தொழிற்சாலை வாசலில்தான் தொடங்கும்.

பிறகு வாட்டுதல். இரவு முழுவதும், ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம், கீழிருந்து விசிறி காற்றுத் தள்ள, தொட்டிகளில் பரப்பிய கொழுந்து மெல்ல நீரை இழக்கிறது. இங்கே பழுது வகைகள் எளியவை: கூடுதலாக வாடுதல், குறைவாக வாடுதல், ஒரு பக்கம் வாடி மறுபக்கம் பச்சையாக நிற்றல். மூன்றாவதுதான் மோசமானது. அரைகுறையாக வாடிய இலையும் நன்றாக வாடியதும் ஒரே உருட்டும் யந்திரத்துக்குள் போனால் இரண்டுக்கும் ஒத்த அழுத்தமோ நேரமோ கிடையாது. காரணங்களைத் தேடினால் பரப்பிய கனம், விசிறி, மழைநாளின் காற்றீரம் என்று வரும். நடு இரவில் கரண்ட் போய் விசிறி நின்றால் என்ன ஆகும் என்று கேட்டால், ஜெனரேட்டர் இருக்கிறது என்று பதில் வரும். ஜெனரேட்டர் எத்தனை விசிறியைத் தாங்கும், டீசல் இல்லாவிட்டால் எந்தத் தொட்டியை முதலில் காப்பாற்றுவது என்று அடுத்த கேள்வியைக் கேட்க வைப்பதே இந்த முறையின் வேலை. 2022இல் நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டும் டீசல் தட்டுப்பாடும் ஒன்றாக வந்தபோது அந்த அடுத்த கேள்விக்குப் பதிலை எல்லோரும் ஒரே இரவில் தேட வேண்டியதாயிற்று.

உருட்டுதலையும் நொதித்தலையும் விரைவாகக் கடக்கிறேன். அங்கே நேரமும் அறையின் வெப்பமும்தான் எல்லாம், பார்க்கக் கடிகாரமும் வெப்பமானியும் உண்டு. உலர்த்தியில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

உலர்த்தியின் வேலை நொதித்தலை நிறுத்தி, ஈரத்தைச் சுமார் 3 சதவீதத்துக்கு இறக்குவது. வழக்கமான உலர்த்தியில் உட்செல்லும் காற்று 90 பாகை செல்சியஸை ஒட்டியும் வெளியேறும் காற்று 50 பாகையைச் சுற்றியும் இருக்கும். வெளியேறும் காற்றின் சூடு தாழ்ந்தால், நொதித்தல் நிற்காமல் ஈரச் சூட்டில் தேயிலை அவிந்துபோகும். ஏல அறிக்கையில் 'அவிந்தது' என்று வருவது இதைத்தான். மேலே சொன்ன ஓடு இறுகும் பழுது இதற்கு நேரெதிர். இரண்டுக்கும் பொதுவான ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டே போனால் விறகுக் கொட்டகையில் போய் நிற்போம்.

இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் விறகைத்தான் எரிக்கின்றன. கண்டியில் தென்மேற்குப் பருவத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் விறகு நனையும். ஈர விறகு எரியும்போது சூட்டில் ஒரு பகுதி விறகின் நீரை ஆவியாக்கவே போய்விடுகிறது; உலைச் சூடு தாழ்கிறது. தாழ்ந்ததைக் கண்டு உலைக்காரர் கூடுதலாக விறகு போடுகிறார். சிறிது நேரத்தில் அந்த விறகு காய்ந்து எல்லாம் சேர்ந்து பற்ற, சூடு ஒரேயடியாக ஏறுகிறது. ஒரே இரவில் முன்பகுதித் தேயிலை அவிகிறது, பின்பகுதித் தேயிலை ஓடு இறுகுகிறது. அட்டவணையில் இவை இரண்டு தனி வரிகளாக இருக்கும். பெரும்பாலான அட்டவணைகளில் காரணம் என்ற பத்தியில் 'உலர்த்தி இயக்குநரின் கவனக்குறைவு' என்றும், நடவடிக்கைப் பத்தியில் 'பயிற்சி அளித்தல்' என்றும் எழுதியிருக்கும். அந்தச் சொற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கவனமாக நின்ற மனிதர்தான் விறகைக் கூட்டிப் போட்டார். அவர் கையில் கிடைத்தது ஈர விறகு. கொட்டகைக் கூரை ஒழுகுகிறது; அல்லது கொட்டகை சிறிது, பாதி விறகு வெளியே கிடக்கிறது. 'ஏன்' என்பதை இன்னும் இரண்டு தடவை கேட்டிருந்தால் நடவடிக்கை சில கூரைத் தகடுகளாக முடிந்திருக்கும்.

மனிதத் தவறு என்று எழுதிவிட்டுப் போவது எஃப்எம்இஏயில் அனுமதிக்கப்படும் மிகப் பெரிய சோம்பல். எந்த நிலைமை அந்தத் தவறை எளிதாக்கியது என்ற கேள்வி அதன்பின் வந்தே ஆகவேண்டும்.

சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் காந்தங்கள் இருக்கும். உருட்டும் யந்திரமும் சல்லடையும் தேய்ந்து விடும் இரும்புத் துகளை அவை பிடிக்கின்றன. காந்தத்தில் இரும்பு சேரச்சேர அதன் பிடி குறையும்; துடைக்கப்படாத காந்தம் இருந்தும் இல்லாததுதான். ஆகவே 'காந்தம் உண்டு' என்பது காவல் ஆகாது. 'இத்தனை மணிக்கு ஒருமுறை துடைத்து, பிடிபட்டதை நிறுத்து எழுதுகிறோம்' என்பதுதான் காவல். எழுதிய எடை திடீரென்று கூடினால் மேலே ஏதோ ஒரு யந்திரம் தேய்கிறது என்ற செய்தியும் அதிலேயே கிடைக்கும். பல்லேகலைக் கைத்தொழில் வலயத்துத் தையல் ஆலைகளுக்குப் போனால் இதே எண்ணம் இன்னும் கறாராக இருப்பதைக் காணலாம். தையல் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். ஒரு துணுக்கு குறைந்தாலும் புதிய ஊசி கிடையாது, அந்தக் கட்டுத் துணி முழுவதும் உலோகம் காணும் கருவிக்குள் போக வேண்டும். இது ஆடைத் தொழிலில் உலகப் பொது வழக்கம். ஊசி உடைவதைத் தடுக்க முடியாது, பிடிபடாமையைத்தான் குறைக்க முடியும் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு. தையல் பிள்ளைகள் அதை எந்த அட்டவணையும் பார்க்காமலே விளக்குவார்கள்.

இதுவரை பார்த்தது செயல்முறைக்கான எஃப்எம்இஏ. வடிவமைப்புக்கானது இதற்கு முன்பே, பொருள் காகிதத்தில் இருக்கும்போதே நடக்க வேண்டியது. பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் ஏன் மூன்று நாலு மாடியாக, வரிசை வரிசையாகச் சன்னலோடு நிற்கின்றன? கொழுந்து மேலே போய் மாடிகளில் வாடி, தானே கீழே இறங்கி உருட்டும் அறைக்கு வர வேண்டும். சன்னலைத் திறந்து மூடிக் காற்றை ஆளவேண்டும். ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை இப்போது தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் மாடிகளில் ஏறி இறங்கினால் மழையையும் ஈரக் காற்றையும் எதிர்பார்த்து ஒரு கட்டடத்தை எப்படி நினைத்தார்கள் என்று புரியும். விசிறித் தொட்டி வந்ததும் அந்த மாடிகளின் தேவை குறைந்தது; மின்சாரத்தில் தங்கியிருப்பது கூடியது. ஒரு பழுதுக்கு மருந்தாக வரும் வடிவமைப்பு இன்னொரு பழுதுக்கு வாசல் திறக்கும்.

பொதியும் அப்படித்தான். தேயிலை காற்றின் ஈரத்தையும் அக்கம்பக்கத்து மணத்தையும் உறிஞ்சும். முன்பு ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் ஈயத்தாள் வைத்து அனுப்பினார்கள். இன்று அலுமினியத் தாள் உள்ளே வைத்த பல அடுக்குக் காகிதப் பைகள். பெட்டி உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். காகிதப் பையின் உள் அடுக்கு மடிப்பில் விரிசல் விட்டால் வெளியே தெரியாது. எடையும் மரமும் மிச்சமாயின, பிடிபடாமை கூடிற்று. அந்த மாற்றத்தின்போது ஒரு வடிவமைப்பு அட்டவணை எழுதினால் தனியாக நிற்க வேண்டிய வரி இது.

மாற்றம் என்ற இடத்தில்தான் இலங்கைத் தேயிலை அண்மைக் காலத்தில் மிகப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2015இல் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டது. களை நிற்கவில்லை. கையால் பிடுங்க ஆள் போதவில்லை. தோட்டங்கள் வேறு களைநாசினிகளை நாடின. எம்சிபிஏ என்ற மருந்தின் எச்சம் பற்றி ஜப்பானிலிருந்து கேள்வி எழுந்தது. அங்கே அதற்கான எல்லை மிகத் தாழ்ந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. கிளைபோசேட் நல்லதா கெட்டதா என்பது இங்கே என் வாதம் அல்ல. ஒன்றை எடுத்தால் அந்த இடத்துக்கு எது வரும், வருவது எங்கே தவறும் என்ற வரியை யாரோ ஒருவர் முன்னரே எழுதியிருக்க வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடை அதே பிசகைப் பன்மடங்கு பெரிதாகச் செய்தது. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோவாக விழுந்தது. அந்த வீழ்ச்சி கொழுந்து எடுக்கும் பெண்களின் நாட்சம்பளத்தில் போய் இறங்கியது.

2017 டிசம்பரில் நடந்தது இன்னொரு வகை. இலங்கையிலிருந்து போன ஒரு சரக்கில் கப்ரா வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. தானியக் கிடங்குகளை அழிக்கும் வண்டு அது. தேயிலையைத் தின்று வளரும் பூச்சி அல்ல. அந்த மாதம் முடியுமுன் தடை நீங்கியது. எத்தனை தொழிற்சாலைகள் தம் அட்டவணையில் 'பொதிக்குள் வேறொரு பண்டத்தின் பூச்சி' என்று எழுதி, வாய்ப்புக்கு 1 போட்டு, பெருக்கி, சின்ன எண் வந்ததும் கீழே தள்ளியிருக்கும்? வாய்ப்பு 1 என்பது சரிதான். கடுமை முழு நாட்டின் சந்தை. பெருக்கல் மறைக்கும் பழுது இதுவே.

முறையின் எல்லையையும் சொல்ல வேண்டும். எஃப்எம்இஏ ஒரு நேரத்தில் ஒரு பழுதையே பார்க்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் இருளடைந்தது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது என்றார்கள். குரங்கு மட்டும் நாட்டை இருளாக்காது. ஞாயிறு என்பதால் மின்தேவை குறைவு. வெயில் என்பதால் சூரிய மின்சாரத்தின் பங்கு கூடுதல். ஆகவே சுழலும் பெரிய யந்திரங்கள் குறைவு, அதிர்ச்சியைத் தாங்கும் வலு குறைவு. நாலும் ஒன்றாக நின்ற நேரத்தில் குரங்கு வந்தது. தனித்தனி வரியில் எழுதினால் ஒவ்வொன்றும் சிறியது. இதற்குப் பழுது மரம் என்ற வேறு முறை வேண்டும். 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் மினிட்மேன் ஏவுகணைக்காகத் தோன்றியது அது. 'நாடு இருளடைந்தது' என்ற முடிவை உச்சியில் வைத்து, என்னென்ன சேர்ந்தால் இது நடக்கும் என்று கீழ்நோக்கிக் கிளை பிரிப்பார்கள். தேயிலைத் தொழிற்சாலைக்கும் ஆண்டுக்கு ஒரு தடவை இப்படி ஒரு மரம் வரையலாம். பெருமழை, ஈர விறகு, மின்வெட்டு, மூடிய பாதை நாலும் ஒரே வாரத்தில் வருவது இங்கே கற்பனை இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தில் அதைக் காட்டிவிட்டது.

முறை சரியாகவே நடந்தும் பயன் இல்லாமல் போவது வேறு கதை. சேலஞ்சர் விண்கலத்தின் ரொக்கெட் இணைப்பில் இருந்த இறப்பர் வளையம் நாசாவின் அபாய உறுப்புப் பட்டியலில் இருந்தது. மாற்றுக் காப்பு உள்ளது என்ற வகையிலிருந்து 1982 டிசம்பரில் அதை எடுத்து, பழுதானால் கலமும் உயிர்களும் போகும் வகைக்கு மாற்றியும் வைத்தார்கள். 1986 ஜனவரி 28இல், குளிர்ந்த காலையில், அந்த வளையம் கைவிட்டு ஏழு பேர் இறந்தார்கள். அட்டவணை பேசியது. விலக்கு அளித்துப் பறக்க விட்டார்கள்.

நம்மிடம் உள்ள உதாரணம் இன்னும் அருகே இருக்கிறது. கண்டியிலிருந்து தென்கிழக்கே, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தையின் மீரியபெத்தத் தோட்டம். அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை இடம்பெயர்க்க வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடியது. பழுது வகை தெரியும், விளைவு தெரியும், காரணம் தெரியும். கடைசி மூன்று பத்திகள் வெறுமை: என்ன செய்வது, யார், எப்போது. பேராதனைப் பொறியியற் பீடத்தின் பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் அழகையா துரைராசா, 1963இல் கேம்பிரிட்ஜில் ரோஸ்கோ, ஸ்கோபீல்டு ஆகியோரோடு எழுதிய ஆய்வு, ஈரக் களிமண் எப்படி இளகி விட்டுக்கொடுக்கிறது என்ற இன்றைய மண்ணியல் பாடத்தின் அடித்தளங்களுள் ஒன்று. மண் எப்படிச் சரியும் என்று உலகுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நம்மவர் ஒருவர் இருக்க, அதே மலைநாட்டில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் சரியும் மண்ணின்கீழ் லயங்களில் இருக்கின்றன. இதை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அட்டவணை ஏன் கோவைக்குள் தங்குகிறது என்ற கேள்வி மிஞ்சி இருக்கிறது. நான் பார்த்த பல அட்டவணைகள் ஆங்கிலத்தில் இருந்தன. கணக்காய்வுக்குச் சில வாரங்களுக்கு முன் ஓர் ஆலோசகர் வந்து எழுதிக்கொடுத்தவை. ஒரு தொழிற்சாலையின் பெயரை அழித்து இன்னொன்றின் பெயரைப் போட்டால் பொருந்தக்கூடியவை. கொழுந்தை விரலால் மடித்துப் பார்த்தே வாட்டம் போதுமா என்று சொல்பவர், உலையின் சத்தத்தைக் கேட்டே விறகு ஈரம் என்று அறிபவர், காந்தத்தைத் துடைக்கும் பெண், இவர்கள் யாரும் அந்த மேசையில் உட்காரவில்லை. அவர்கள் பேசுவது தமிழ் அல்லது சிங்களம். தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் உட்கார்ந்திருப்பார்; சில இடங்களில் அவரும் கையெழுத்துக்கு மட்டும் அழைக்கப்பட்டிருப்பார். நிகழும் வாய்ப்புக்கு 3 போடலாமா 6 போடலாமா என்று தெரிந்தவர்கள் வெளியே நிற்க, தெரியாதவர்கள் உள்ளே எண் போடுகிறார்கள்.

மதிப்பெண் அளவுகோலைத் தொழிற்சாலையின் பேச்சிலேயே எழுதிக்கொள்ளலாம். கடுமைக்கு இப்படி: 10 என்றால் குடிப்பவர் உடம்புக்குக் கேடு அல்லது வேலை செய்பவர் கைக்கு ஆபத்து; 8 என்றால் முழுச் சரக்கும் திரும்பி வரும்; 6 என்றால் ஏலத்தில் விலை இறங்கும்; 4 என்றால் திரும்பச் சலிக்க வேண்டும்; 2 என்றால் நாங்கள் மட்டுமே கவனிப்போம். பிடிபடாமைக்கு: 2 என்றால் அந்த இடத்திலேயே கண்ணுக்குத் தெரியும்; 5 என்றால் அடுத்த அறையில் தெரியும்; 8 என்றால் சுவைஞர் அறிக்கையில் தெரியும்; 10 என்றால் வெளிநாட்டுத் துறைமுகத்தில் தெரியும். இந்த அளவுகோலைக் கையில் கொடுத்தால் ஓடு இறுகிய தேயிலைக்குப் பிடிபடாமை 8 என்று உலர்த்திக்காரர் உடனே சொல்வார். நிகழும் வாய்ப்பைக் கணிக்க வேறு எங்கும் போகத் தேவையில்லை. சில ஆண்டுகளின் ஏல அறிக்கைகளை எடுத்து 'அவிந்தது', 'தீய்ந்தது' என்ற சொற்களை எண்ணினால் போதும். அவற்றை மழை மாதங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு பிற்பகல் வேலை.

பேராதனையில் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தமிழிலும் சிங்களத்திலும் பேசும் மாணவர்கள் இரண்டிலும் இருக்கிறார்கள். ஒரு தொழிற்சாலைக்கு இரண்டு மாணவர், ஒரு பருவம், இரு மொழியிலும் ஓர் அட்டவணை என்று தொடங்கினாலே, பிரதி எடுத்த கோவைகளைவிட மேலானது கையில் கிடைக்கும். தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கைப்பிரசுரங்களோடு அந்த அளவுகோலும் மலைக்குப் போகலாம்.

கூட்டம் வைக்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். அலுவலகம் திறந்த பிறகு, காலை பத்து மணிக்கு வைத்தால், வாட்டுவதையும் உலர்த்துவதையும் இரவெல்லாம் பார்த்தவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில், இரவு வேலை முடித்தவர்கள் கிளம்புமுன், உலர்த்தியின் அருகிலேயே ஒரு மேசையைப் போட்டு அரை மணி நேரம் உட்காரலாம். முதல் வாரம் விறகைப் பற்றி மட்டும் பேசலாம்.